கர்ப்பிணிகள் ஏன் புகைப்பழக்கத்தை விடுவதில்லை?

குழந்தைக்குக் கெடுதல் என்று தெரிந்தும் சில கர்ப்பிணிகள் ஏன் புகைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் வருகிறது. அமெரிக்காவில் 2016-இல் குழந்தை பெற்றவர்களில் 7.2 சதவீதம் பேர் கர்ப்பகாலத்தில் புகைத்தார்கள். 2021-இல் அது 4.6 சதவீதம். ஆனால் படிப்பும் வருமானமும் குறைந்தவர்களிடம் பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மனஉறுதி இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பணக் கஷ்டம், மன அழுத்தம், அப்புறம் வீட்டிலேயே புகைக்கும் கணவர். காலையில் அவள் தன் சிகரெட் பெட்டியைக் குப்பையில் போடுகிறாள். மாலையில் அவருடையது மேசைமேல் கிடக்கிறது. போதாக்குறைக்கு, கர்ப்பத்தில், புகையிலையில் இருக்கும் அடிமைப்படுத்தும் பொருளான நிகோட்டின் உடலிலிருந்து வேகமாக வெளியேறுவதால் ஏக்கமும் சீக்கிரம் வரும்.

வெட்கப்பட்டு மறைப்பவர்களும் உண்டு. அதனால் இங்கிலாந்தில் கர்ப்பப் பரிசோதனைக்கு வரும்போதே கருவியில் ஊதச் சொல்லி, புகைப்பவர்களின் மூச்சில் கூடுதலாக இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவை அளந்துவிடுகிறார்கள்.