பில் வராத சாப்பாடு

அன்புள்ள அம்மாவுக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 61. துறைமுகத்தில் 33 வருடம் உழைத்து ஓய்வு பெற்றவன். மனைவி தவறி இரண்டு வருடமாகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரே மகன் போன மாதம் என்னை அங்கே கூப்பிட்டுக்கொண்டான். அங்கேதான் மனசு விட்டுப்போச்சு.

கேசினோ இருக்கிற பெரிய ஹோட்டல். "இங்க ஸ்டேக் சாப்பிடணும்பா" என்று உட்காரவைத்து, ஆர்டரும் கொடுத்துவிட்டு, "அரை மணியில வர்றேன்" என்று போனவன் வரவேயில்லை. பரிமாறுகிற பையன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த தட்டையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு பீஃப் புதுசில்லை, வியாசர்பாடி வறுவல் சாப்பிட்டு வளர்ந்தவன். அங்கே வந்ததோ உள்ளங்கை கனத்துக்கு ஒரு துண்டு, நடுவெல்லாம் சிவப்பு. ஒன்றே முக்கால் மணி நேரம் தனியாக அதை வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் இருந்தால் இப்படி விடுவாளா? காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி வந்தால் நடுத்துண்டு என் தட்டுக்குத்தான் வரும். பெற்ற அப்பனை இப்படியா உட்காரவைப்பது? செலவு அவனுக்கில்லையாம். அறை, சாப்பாடு எல்லாம் ஹோட்டலே சும்மா கொடுக்கிறதாம். வாசலில் நின்றவர்கூட அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். அதை விடுங்கள், நானும் ஒரு காலத்தில் லாட்டரிச் சீட்டில் விட்டவன்தான், அவன் அம்மா தாலிச் செயின் அடகுக்கடை வரை போயிருக்கிறது, நான் என்ன கேட்பது? ஆனால் தனியாக விட்டுப் போனதுதான் ஆறவில்லை. இங்கே வந்தும் தட்டு முன்னால் உட்கார்ந்தால் அந்த மேசைதான் ஞாபகம். இந்தத் தனிமையை எப்படிச் சமாளிப்பது?

அன்புள்ள ஐயா,

'அதை விடுங்கள்' என்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

கேசினோ ஹோட்டல்கள் வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா சோறு போடுவதில்லை. ஒருவர் எவ்வளவு பந்தயம் கட்டுகிறார், எத்தனை மணி நேரம் உட்காருகிறார் என்று உறுப்பினர் அட்டையில் கணக்கு வைத்து, அதில் ஒரு பங்கை அறையாகவும் விருந்தாகவும் திருப்பித் தருவார்கள். உங்கள் தட்டில் இருந்த துண்டுக்கு உங்கள் மகன் எத்தனையோ இரவுகளில் காசு கட்டிவிட்டிருப்பார். வேறு காரணம் இருந்தால் எனக்கும் நிம்மதிதான்.

அந்தச் சூதாட்டக் கூடத்துக்குள் போக வெளிநாட்டவரான உங்களுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். ஒன்றே முக்கால் மணி நேரம் நீங்கள் ஏன் எழுந்து தேடவில்லை? எங்கே இருப்பான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். கோபிப்பது சுலபம், கேட்பதுதான் கஷ்டம். அதனால் கோபத்தை வீடு வரை தூக்கி வந்துவிட்டீர்கள்.

கேட்கும் யோக்கியதை இல்லை என்கிறீர்கள். செயினை அடகு வைத்தவரைத் தவிர வேறு யாருக்கு ஐயா அது இருக்கிறது? 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்தது, நீங்கள் தப்பித்தீர்கள். அவருக்காக யாரும் கடையை மூடப் போவதில்லை. 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று தன் பெயரைத் தானே பதிந்துகொள்ளும் ஏற்பாடு சிங்கப்பூரில் உண்டு. அதற்கு அவர் மனசு வைக்க வேண்டும். கடன் என்று சொன்னால் உடனே உங்கள் ஓய்வுப் பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள்.

எவ்வளவு விட்டாய் என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் எவ்வளவு விட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள், அந்த அடகுச் சீட்டிலிருந்து. அவர் அம்மா அன்று என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. ஏழு மணிக்குள் கூப்பிடுங்கள்.