‘தொண்டையைத் திற’ என்றால் வாயைப் பிளப்பதா? – பாட்டு டீச்சர் பதில்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. இரண்டு வருஷமாகப் பாட்டு கற்கிறேன். சுருதி (பாடுவதற்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளும் ஒலி உயரம்; கட்டை எண் கூடினால் உயரமும் கூடும்) 5½ கட்டை. ‘தொண்டையைத் திறந்து பாடு’ என்று டீச்சர் சொல்லாத வகுப்பே இல்லை. வாயை எவ்வளவு திறந்தாலும் மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’) தாண்டினால் கழுத்து நரம்பு புடைக்கிறது, குரல் நெரிகிறது. வர்ணம் பாடி முடித்தால் தொண்டை எரிகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு பதைத்தது. நானும் அப்படித்தான் பாடினேன். சின்ன வயதில் எங்கள் வகுப்பில் பத்துப் பேருக்கும் ஒரே சுருதி, 6 கட்டை. எட்டாத காந்தாரத்துக்கு (மேல் ‘க’) முகவாயைத் தூக்கி, வாயைப் பிளந்து கத்துவேன். பதினாறு வயதில் குரல் கட்டிக்கொண்டது. மூன்று மாதம் ஆரம்பப் பாடமான சரளி வரிசைகூடப் பாட முடியவில்லை.

வாயைத் திறப்பது வேறு, தொண்டையைத் திறப்பது வேறு. கழுத்தில் குரல்வளை இருக்கும் இடத்தில் ஒரு விரலை லேசாக வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். விர்ரென்று மேலே ஏறி இறங்கும். இனி, கொட்டாவி வரப்போவது போல மூச்சை இழுங்கள். அது கீழே தணியும். விழுங்கும்போது தொண்டை மூடத்தான் வேண்டும். சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. மேல் ஸ்தாயி (ஸ்வரங்களின் மேல் அடுக்கு) வருகிறதே என்ற பயத்தில் நாம் அதே தசைகளை இறுக்கிவிடுகிறோம். குரல்வளை ஏறுகிறது, நாக்கின் அடி பின்னால் போய் வழியை அடைக்கிறது. அப்புறம் வாயை எத்தனை பெரிதாகத் திறந்து என்ன பயன்?

மூச்சை இழுக்கும்போது தொண்டை தானாகவே திறந்துகொள்கிறது. ஸ்வரத்தைத் தொடங்கும்போது அதை மூடாமல் விட்டால் போதும். மூச்சு இழுக்கும் சத்தம் காதில் கேட்கிறதா? அப்படியானால் அங்கேயே வழி குறுகிவிட்டது.

என்னிடம் கற்கும் ஒரு பெண்மணி வங்கியில் வேலை பார்க்கிறார். அவருக்கும் உங்கள் கஷ்டம்தான். முகவாய்க்கு அடியில், எலும்புக்குப் பின்னால் மெத்தென்று இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அகாரமாக, அதாவது ‘ஆ’ என்று பாடச் சொன்னேன். நடு ஸ்தாயியில் பிசைந்த மாவு மாதிரி இருந்த இடம், மேல் ரிஷபத்தில் (மேல் ‘ரி’) கல்லாகிவிட்டது. நாக்கின் நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடி கிடக்கட்டும், முதலில் ‘ம்’ என்று ரீங்காரம் செய்து அதிலிருந்து ‘மா’வுக்கு வாருங்கள் என்றேன். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு அந்த இடம் இளகியது. ரிஷபம் மெல்லிசாக, ஆனால் நெரியாமல் வந்தது. “சத்தமே வரலையே டீச்சர்” என்று பயந்துபோனார். அந்தச் சின்னக் குரலோடு இரண்டு வாரம் இருங்கள், பெரிதாக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நான்காவது வாரத்தில் குரல் தானாகக் கனத்தது.

வீட்டில் ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா இருந்தால் அதை உதட்டில் வைத்து, அதன் வழியாகவே தாட்டு வரிசையை (ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிப் பாடும் பயிற்சி) ஐந்து நிமிஷம் முனகுங்கள். அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே பரவலாக்கிய பயிற்சி இது. குழாயில் தேங்கும் காற்று பின்னோக்கி அழுத்துவதால் குரல்நாண்கள் (குரல்வளைக்குள் அதிர்ந்து குரல் எழுப்பும் இரு மடிப்புகள்) முரட்டுத்தனமாக மோதாமல் அதிர்கின்றன.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் 5½ கட்டையில் மேல் ஷட்ஜம் என்றால் அந்த நாண்கள் நொடிக்குச் சுமார் 415 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. எரிச்சலோடு அதைச் செய்யாதீர்கள். தயங்காமல் டீச்சரிடம் கேட்டு 5 கட்டைக்கோ 4½ கட்டைக்கோ இறங்குங்கள். சுருதியைக் குறைப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

கேள்வி: விடியற்காலை பஜனையில் பாடுகிறேன். ஒரு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது. அடிக்கடி கனைத்துக்கொள்கிறேன். மிளகும் பனங்கற்கண்டும் சாப்பிட்டும் சரியாகவில்லை. வேறு என்ன சாப்பிடலாம்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: சாப்பிடுவது எதுவும் குரல்நாணைத் தொடாது ஐயா. அது உணவுக்குழாய் வழியே போய்விடும். மிளகும் கற்கண்டும் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். பாடப்போகும்போது மட்டும் குடிக்காமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடியுங்கள். உடம்பு முழுதும் ஈரம் இருந்தால்தான் நாணுக்கும் ஈரம் கிடைக்கும். கனைப்பதை இன்றே விடுங்கள். ஒவ்வொரு கனைப்பும் நாணுக்கு ஓர் அடி. கனைக்கத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குங்கள்.

ஆனால் ஒரு மாதம் என்பது அதிகம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் கைவைத்தியத்தோடு நிற்கக்கூடாது. இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், பாடுகிறவர் என்பதையும் சொல்லி, குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பஜனையில் ஜால்ரா மட்டும் போடுங்கள்.