வெள்ளைக் கோயில் சுவரில் சூப்பர்மேனுக்கு என்ன வேலை?

கேள்வி: தாய்லாந்தின் வெள்ளைக் கோயிலுக்குள் சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் வரைந்து வைத்திருக்கிறார்களே, புத்தர் கோயிலில் இது கிண்டல் இல்லையா?

எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் அந்தப் படம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று கவனித்தால் விஷயம் பிடிபடும். உள்ளே நுழையும்போது கண்ணில் படுவது புத்தர் மட்டும்தான். கும்பிட்டுவிட்டு வெளியே போகத் திரும்பினால், வாசல் சுவர் முழுக்க ஒரு பெரிய அரக்க முகம். அதைச் சுற்றித்தான் சூப்பர்மேன், பேட்மேன், மைக்கேல் ஜாக்சன், எரியும் நியூயார்க் இரட்டைக் கோபுரம், பாம்பு மாதிரி வளைந்து வரும் பெட்ரோல் குழாய் எல்லாம். (உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், நினைவிலிருந்துதான் சொல்கிறேன்.)

தாய்லாந்துப் பழைய கோயில்களில் புத்தருக்கு எதிர்ச்சுவர் பெரும்பாலும் மாரனுக்குத்தான். ஞானம் பெறப்போன புத்தரைக் கலைக்கப் படையோடு வந்தவன். நம் மன்மதனுக்கும் அதே பெயர் இருப்பது சும்மா இல்லை. அந்தப் படையில் தொப்பி போட்ட ஐரோப்பியரைக்கூட அந்தக் கால ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். ஆக, தன் காலத்து ஆட்களை மாரன் பக்கம் நிறுத்துவது பழைய வழக்கம்தான். சூப்பர்மேன் அங்கே சாமியாக இல்லை, நம் மனதைக் கலைக்கும் கூட்டத்தில் ஒருவராக நிற்கிறார். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

கோயிலின் பெயர் வாட் ரோங் குன். கோயில் இருக்கும் வட தாய்லாந்தின் சியாங் ராய்ப் பகுதிக்காரரான ஓவியர் சாலெர்ம்சாய் கோசித்பிபத், சிதிலமாகிக் கிடந்த பழைய கோயிலைக் கையிலெடுத்து, 1997-இல் சொந்தப் பணத்தில் புதிதாகக் கட்டத் தொடங்கினார். வேலை இன்னும் முடியவில்லை. ஒருவரிடம் 10,000 பாத்துக்கு (தாய்லாந்துப் பணம்) மேல் நன்கொடை வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறார். பெரிய தொகை கொடுத்தவர் அப்புறம் “இப்படிக் கட்டு, அப்படிக் கட்டு” என்பார் இல்லையா!

வெள்ளை, புத்தரின் தூய்மை. சாந்தோடு பதித்த கண்ணாடிச் சில்லுகள், அவருடைய ஞானத்தின் ஒளி. இது எல்லா வழிகாட்டிகளும் சொல்வது. என்னை நிறுத்தி வைத்தது பாலத்துக்கு முன்னால் இருக்கும் பள்ளம்தான். அதிலிருந்து நூற்றுக்கணக்கான கைகள் மேலே நீளுகின்றன. சில கைகளில் திருவோடு மாதிரி ஒரு கிண்ணம், சில வெறுங்கை. அடங்காத ஆசை என்று அர்த்தம். எல்லாம் வெள்ளையாக இருக்க, ஒரே ஒரு விரல் நகத்துக்கு மட்டும் சிவப்புச் சாயம். தேடிக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அதைத் தாண்டினால் பிறவிச் சுழலைக் கடக்கும் பாலம். வந்த வழியே திரும்பி நடக்கக் கூடாது. நடுவில் நின்று செல்ஃபி எடுத்த ஒருவரை ஒலிபெருக்கியில் விரட்டினார்கள். பாலம் முடியும் இடத்தில் துவாரபாலகர் மாதிரி ராகுவும் மரணமும். கிரகணத்தில் நமக்குத் தெரிந்த அதே ராகுதான்.

வெளியே வந்தால் தகதகவென்று ஒரு தங்க நிறக் கட்டடம். முக்கிய சன்னிதி அதுதான் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். அது கழிப்பறை. வெள்ளை மனதுக்கு, தங்கம் உடம்புக்கும் பணத்தாசைக்கும் என்பது ஓவியர் சாலெர்ம்சாயின் கணக்கு.