காலையில் ஒரே செல்ஃப்பில் எடுக்குது, மத்தியானம் மக்கர் பண்ணுது: பழைய கார் கேள்வி பதில்

சில நாள் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும் பழைய கார்களைப் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும் இவை. எந்தக் கேள்விக்கும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மக்கர் பண்ணிய நேரத்தில் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றி எழுப்பும் மோட்டார்) வேகமாகச் சுற்றியதா, இழுத்து இழுத்துச் சுற்றியதா, சுற்றவே இல்லையா? இதைக் கவனிக்காமல் சாமான் மாற்ற ஆரம்பித்தால் பாதி வண்டி புதிதாகிவிடும், கோளாறு மட்டும் பழையபடி இருக்கும்.

கும்பகோணம், கார்புரேட்டர் மாருதி 800: அண்ணே, காலையில தொட்டவுடனே எடுக்குது. மத்தியானம் ஓட்டிட்டுப் போயி கடைவாசல்ல நிறுத்தி, கால் மணி நேரம் கழிச்சு வந்தா எடுக்கவே மாட்டேங்குது. செல்ஃப் நல்லாத்தான் சுத்துது. முக்கால் மணி நேரம் போனா தானா எடுத்துக்குது. பிளக், பெட்ரோல் பம்ப் ரெண்டும் மாத்தியாச்சு.

இன்ஜினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்றுவிடும். புது பெட்ரோலும் வராது. அடுத்த 10, 20 நிமிடங்களில்தான் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் அதிகமாகச் சூடேறும். அப்போது இரண்டில் ஒன்று நடக்கலாம். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் (இன்ஜினுக்குப் போகும் குழாய்) வழியும். அல்லது பம்ப்பிலும் ஹோஸிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, கிண்ணத்துக்கே பெட்ரோல் வராது. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. வைத்தியம் மட்டும் நேர் எதிர்.

மக்கர் பண்ணும்போதே ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள் (சூடாக இருக்கும், துணி பிடித்துக் கழற்றுங்கள்). நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் முதல் ரகம். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி 8, 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். பம்ப் பண்ணவே கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே இன்னும் கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்சும். எடுத்துவிட்டால் கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவையின் மட்டம், நீடில் வால்வு, சூட்டில் சோக் முழுதாகத் திறக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். கார்புரேட்டருக்கு அடியில் தடித்த இன்சுலேட்டர் ஒன்று உண்டு. சுத்தம் செய்யக் கழற்றியவர் அதை விட்டுவிட்டு வெறும் பேக்கிங் போட்டு மூடியிருந்தால், இந்தக் கோளாறு ஒவ்வொரு சித்திரைக்கும் வரும்.

பிளக் காய்ந்திருந்தால் ஈரத்துணிச் சோதனை. பம்ப் மேல் மட்டும் ஈரத்துணியை 5 நிமிடம் போடுங்கள். எடுத்தால் ஆவி அடைப்பு. ஹோஸ் இன்ஜின் மேல் உரசிக்கொண்டு போகிறதா பாருங்கள். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஈரத்துணி போட்டும் எடுக்கவில்லை என்றால் அடுத்து பிளக்கை பாடியில் வைத்து பொறி பாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. பகலிலும் தெரியும் நீலப் பொறி சரி. மஞ்சளாக மெலிந்திருந்தாலோ, பொறியே இல்லை என்றாலோ துணி இப்போது பிளக் பொறிக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் காயில் மேல் போகட்டும். ஆறியதும் பொறி திரும்பினால் சூட்டில் சாகும் காயில். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் துணி போடாதீர்கள். எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும்.

வேதாரண்யம், மாருதி ஆம்னி: சாவி திருப்புனா ‘டக்’னு ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலஞ்சு தடவை திருப்புனா எடுக்கும். பேட்டரி போன மாசம்தான் வாங்கினது.

உப்பளக் காற்றுக்கு முதலில் சாவது எர்த் ஒயர். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் பட்டைகளைப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருக்கும், போல்ட்டுக்கு அடியில் பச்சையும் துருவும் பூத்திருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் ஊகமே வேண்டாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. அதே நேரத்தில் மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் போஸ்ட்டிலும் (கிளாம்ப்பில் அல்ல, போஸ்ட்டிலேயே) மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு. பாசிட்டிவ் பக்கம் போஸ்ட்டுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே 0.5 வரை விடலாம். இரண்டும் சரியாக இருந்தும் ‘டக்’ மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டாருக்கு கரண்ட் விடும் சோலனாய்டின் உள்தட்டோ, செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கிறது.

கழற்றிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். இறுக்கும் முன் அல்ல.

நன்னிலம், பெட்ரோல் அம்பாசிடர்: ஐயா, ஐப்பசி கார்த்திகை மழையில மட்டும் தகராறு. வெயில் அடிச்சா சரியாயிடுது.

ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப். கழற்றி உள்பக்கம் பாருங்கள். பென்சிலால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் கரண்ட் அந்த வழியாகக் கசிகிறது. துடைத்தால் போகாது, கேப்பை மாற்ற வேண்டும். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னால் ஹெச்.டி. (ஹை டென்ஷன்) கேபிள், அதாவது பிளக்குக்குப் போகும் தடித்த ஒயர், எங்கே பொறி விடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். கூடவே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்ட்டைத் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா பாருங்கள். ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு என்றிருந்தால் பாயிண்ட்டில் தீப்பொறியை அடக்கும் கண்டன்சரையும் சேர்த்து மாற்றுங்கள்.

மன்னார்குடி, இண்டிகா டீசல்: ராத்திரி நின்னா காலையில அஞ்சு நிமிஷம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கு. ஹேண்ட் பம்ப் அடிச்சா உடனே எடுக்குது. ஹீட்டர் பிளக் மாத்தச் சொல்றாங்க.

ஹேண்ட் பம்ப் அடித்து எடுத்தால் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் ஆவதற்கு உள்ளே சூடேற்றித் தருவது) மேல் பழி போடாதீர்கள். லைன் ஏர் எடுக்கிறது. டீசல் இரவில் பின்வாங்கி டேங்க்குக்குப் போய்விடுகிறது. வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது, ஏனென்றால் அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம். காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு சாண் தெளிவான டீசல் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் பின்னோக்கித் தேடுங்கள்: ஃபில்டர் வாஷர், ஹேண்ட் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ் கிளிப், கடைசியாக இன்ஜெக்டர் ரிட்டர்ன் டியூப். பம்புசெட்டுக்கு கேனில் வைத்திருந்த டீசலை ஊற்றும் பழக்கம் இருந்தால் ஃபில்டர் அடியிலிருக்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

இன்னொன்று: ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்பிரே (ஸ்டார்ட் ஆக உதவும், சட்டெனத் தீப்பற்றும் திரவம்) அடிக்கவே கூடாது. உள்ளேயே வெடிக்கும்.

திருவாரூர், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் போகும்) ஜென்: ரெண்டு விதமா மக்கர் பண்ணுது. சில சமயம் ரொம்ப நேரம் சுத்தி எடுக்குது. சில சமயம் சூட்டுல எடுக்கவே மாட்டேங்குது.

இரண்டு கோளாறாக இருக்கலாம், தனித்தனியாகப் பிடியுங்கள். முதலாவதுக்கு சாவியை ஆன் செய்து 3 விநாடி, ஆஃப், மறுபடி ஆன் 3 விநாடி, பிறகு செல்ஃப். உடனே எடுத்தால் நிறுத்திய பிறகு லைனில் பெட்ரோல் அழுத்தம் நிற்கவில்லை: பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வோ, ஒழுகும் இன்ஜெக்டரோ. இரண்டாவதுக்கு, மக்கர் பண்ணும்போதே பொறியும் இல்லை, இன்ஜெக்டருக்கும் துடிப்பு வரவில்லை என்றால் இன்ஜின் சுற்றுவதை கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் அல்லது கேம் சென்சார் சூட்டில் அறுபடுகிறது. ஆறியதும் அதுவும் நல்ல பிள்ளை ஆகிவிடும், அதனால் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது அகப்படாது.

ஒரத்தநாடு: அறுவடை முடிஞ்சா வண்டி கெட்டுப்போவுது, என்ன ராசியோ?

எலி. வயல் காலியானதும் ஷெட்டுக்கு வருகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து கூடு இருக்கிறதா பாருங்கள், இன்ஜெக்டர் ஒயர்களை விரலால் தடவிப் பாருங்கள். பாதி கடித்த ஒயர்தான் ‘சில சமயம் மட்டும்’ வேலை செய்யும்.

பட்டுக்கோட்டை: அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காரு, வண்டி மாசத்துக்கு ஒருதரம்தான் எடுக்குறோம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். எல்லாம் அணைத்த பிறகும், கழற்றிய ஒயருக்கும் போஸ்ட்டுக்கும் நடுவே ஆம்பியர் நிலையில் மீட்டர் வைத்தால் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் ஏதோ ஒன்று தின்கிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எது என்று தெரிந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் உப்ப வைக்கும். நிறுத்தும் முன் டேங்க்கை நிரப்பி வைப்பது நல்லது.

மயிலாடுதுறை, பத்மினி: செல்ஃப் நல்லா சுத்தும், எடுக்காது. வெறுத்துப்போய் சாவியை விடும்போது ‘டபக்’னு எடுக்கும். தள்ளுனாலும் எடுக்குது.

எழுதியதிலேயே விடை இருக்கிறது. செல்ஃப் நிலையில் சாவி இருக்கும்போது காயிலுக்கு கரண்ட் போகவில்லை, விடும்போதுதான் போகிறது. காயிலின் பாசிட்டிவில் மீட்டர் வைத்து செல்ஃப் அடியுங்கள். பூஜ்யம் காட்டினால் இக்னிஷன் சுவிட்ச்சின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. 9 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சுவிட்ச்சை விட்டுவிட்டு பாயிண்ட், கண்டன்சர் பக்கம் போங்கள். சுவிட்ச் மாற்ற வேண்டியிருந்தாலும் சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் மின் பகுதி தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கிடைத்தால் பூட்டு செட் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை.