எந்தப் 'பேசினால்'?

ஸ்பானிஷ் படிப்பவர்கள் கேட்டவற்றுக்கு 'அப்லார்' (பேசு) வினையை வைத்தே பதில் சொல்கிறேன். நெடில் வரும் இடத்தில் அழுத்தம் கொடுத்துப் படியுங்கள்.

கேள்வி: இறந்தகால சப்ஜங்க்டிவுக்கு (கற்பனை, விருப்பம் போன்றவற்றைச் சொல்லும் வினைவடிவம்) தனி அட்டவணை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். 'அவர்கள் பேசினார்கள்' என்பது அப்லாரொன். கடைசி 'ரொன்'னை வெட்டிவிட்டு, நான், நீ, அவன்/அவள், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் ர, ரஸ், ர, ரமொஸ், ரய்ஸ், ரன் ஒட்டுங்கள்: அப்லார, அப்லாரஸ், அப்லாரமொஸ்... 'சாப்பிட்டார்கள்' என்றால் கொமியேரொன், அதிலிருந்து கொமியேர. ஒழுங்கற்ற வினைகளுக்கும் இதே கத்தரிக்கோல்தான்.

கேள்வி: 'பேசினால்' என்பதற்கு ஒரு இடத்தில் 'சி ஆப்லொ' ('சி' என்பது நம் '-ஆல்'), இன்னொரு இடத்தில் 'சி அப்லார'. ஏன்?

இங்கேதான் தமிழ் நம்மை ஏமாற்றுகிறது. "நாளைக்கு அவளிடம் பேசினால் உனக்குச் சொல்கிறேன்": நடக்கக்கூடியது, எனவே சி ஆப்லொ. "நான் பேசினால் அவள் நம்புவாள், ஆனால் எங்கே பேசப்போகிறேன்!" இது வெறும் கற்பனை, எனவே சி அப்லார. நமக்கு இரண்டுமே 'பேசினால்'தான். வித்தியாசம் குரலில் இருக்கிறது. எழுதுமுன், பின்னால் ஒரு 'எங்கே!' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அப்லார.

கேள்வி: 'சி அப்லரீய' என்று எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார்.

சரியாகத்தான் அடித்தார். அப்லரீய 'அப்படியானால் பேசுவேன்' என்ற விளைவுப் பக்கத்துக்கு உரியது, 'சி'க்குப் பின்னால் வராது. ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியில் பேச்சில் இப்படிக் கேட்கலாம். தேர்வில் மதிப்பெண் போகும்.

கேள்வி: அப்லார, அப்லரா, இரண்டும் ஒன்றா?

ஐயோ, இல்லை. அப்லரா என்றால் 'பேசுவான்'. எழுத்தில் கடைசி 'அ' மேல் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: "நீ பேசணும்னு நினைச்சேன்" என்பதை எப்படிச் சொல்வது?

கெரீய கெ அப்லாரஸ். 'விரும்புகிறேன்' என்றால் கியேரொ கெ ஆப்லெஸ். முதல் வினை இறந்தகாலம் போனால் இரண்டாவதும் கூடவே போகும். தமிழில் 'பேசணும்' நகராது, அதனால்தான் நமக்கு மறந்துபோகிறது.

கேள்வி: புத்தகத்தில் 'அப்லாசெ' என்றும் இருக்கிறதே?

அதே பொருள்தான். பெரும்பாலும் ஸ்பெயினில், அதுவும் எழுத்தில் பார்ப்பீர்கள். படித்தால் புரிந்தால் போதும், பேச அப்லார. கடையில் பணிவாகக் கேட்கும் 'கிசியேர'வை ('எனக்கு வேண்டும்' என்பதன் பணிவான வடிவம்) மட்டும் 'செ'வாக மாற்றாதீர்கள், அங்கே அது செல்லாது.