உயிரியல் மாணவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் திட்டமிடல் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2014 முதலான மாணவர் எண்ணிக்கையைப் பாடவாரியாக அட்டவணை போட்டால், 2019-20இல் உயிரியல் திடீரென்று சரிகிறது. சேர்க்கை குறையவில்லை என்கிறார்கள் துறையில். எங்கே தவறு?

பதில்: துறையினர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். பாடங்களுக்குக் குறியீடு கொடுக்கும் பழைய முறையான ஜாக்ஸுக்கு (JACS) பதிலாகப் புதிய முறையான ஹீகாஸ் (HECoS) அந்த ஆண்டில்தான் வந்தது. ஜாக்ஸில் உளவியல் 'சி' என்ற எழுத்தின் கீழ், உயிரியல் குழுவுக்குள் இருந்தது. பாடங்களைக் குழுவாகத் தொகுக்கும் புதிய முறையான சிஏஎச்-இல் (CAH) அது தனிக் குழு. உளவியலில் எப்போதும் கூட்டம் அதிகம். அதை வெளியே எடுத்தால் உயிரியல் சரியாமல் என்ன செய்யும்?

ஜாக்ஸ் எண்ணில் முதல் எழுத்தைப் பார்த்தாலே குழு தெரிந்துவிடும். வசதிதான், ஆனால் புதுப் பாடங்கள் வர வர இடம் போதவில்லை. ஹீகாஸ் எண்ணுக்குள் அப்படி எந்தப் பொருளும் இல்லை. கணினி அறிவியல் 100366, அவ்வளவுதான். எது எந்தக் குழுவில் சேரும் என்பதை மூன்று அடுக்குகள் கொண்ட சிஏஎச் தனியாகச் சொல்கிறது.

எனவே பழைய குழு மொத்தத்தைப் புதிய குழு மொத்தத்தோடு ஒப்பிடாதீர்கள். பழைய ஆண்டுகளின், ஓர் எழுத்தும் மூன்று எண்களும் கொண்ட முழு ஜாக்ஸ் குறியீடு வரை இறங்கி, ஒவ்வொன்றையும் சிஏஎச் குழுவில் போட்டு, பிறகு கூட்டுங்கள். இதற்கான பொருத்த அட்டவணையை உயர்கல்விப் புள்ளிவிவர அமைப்பான ஹெசா (HESA) வெளியிட்டிருக்கிறது. ஜாக்ஸிலிருந்து ஹீகாஸுக்கு நேராக மாற்றப் பார்த்தால் சிக்கல்தான்: ஒரு பழைய எண்ணுக்குப் பல புதிய எண்கள் பொருந்தும். அந்த இடத்தில் எக்செல் சூத்திரத்தை நம்பாமல், பாடத்திட்டத்தை அறிந்த பேராசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சும். மாற்றத்தின்போது படிப்புகளுக்குப் புதிதாகக் குறியீடு போட்டிருப்பார்கள். இரட்டைப் பாடப் படிப்புகளின் சதவீதப் பங்கீடும் அப்போது மாறியிருக்கலாம். ஒரே மாணவரை இரண்டு பாடத்திலும் முழு ஆளாக எண்ணாமல், பங்கைப் பிரித்தே கூட்டுங்கள். அட்டவணையில் 2019-20க்கு முன்னால் ஒரு கோடு போட்டு, கீழே குறிப்பும் எழுதிவிடுங்கள். மேலிடத்துக்கு அந்தக் கோடு பிடிக்காது, பரவாயில்லை.

2012-13க்கு முன்னால் போனால் இன்னொரு முறிவு இருக்கிறது. ஜாக்ஸின் மூன்றாம் பதிப்பில் கணினிப் படிப்புகள் 'ஜி' எழுத்திலிருந்து 'ஐ'க்கு மாறின. அப்புறம், பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸின் (UCAS) விண்ணப்பத்தில் இன்றும் ஜி400 என்று கணினிப் படிப்புகளைப் பார்க்கலாம். அது படிப்பின் அடையாள எண் மட்டுமே, பாடக் குறியீடு அல்ல. அதை வைத்துக் குழு பிரிக்காதீர்கள்.