பக்கவாட்டில் இறங்கும் அப்பா

கேள்வி: கவென்ட்ரியில் வசிக்கிறேன். செப்டம்பர் முதல் வாரம் நான், மனைவி, 13 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா (67) நாலு பேரும் வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிப் போகும் பாதையை முழுசாக நடக்கப் போகிறோம். 84 மைல், 6 நாள். கைடு கிடையாது. ஒரு கம்பெனி ரூம் போட்டு, மேப் கொடுத்து, பெட்டிகளை அடுத்த ஊரில் கொண்டுபோய் வைத்துவிடும். முன்பணம் கட்டியாயிற்று. அப்பா போஸ்ட்மேனாக இருந்தவர், பார்க்கில் தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறார், அதனால் அவரைப் பற்றிக் கவலை இல்லை. மாடிப்படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பக்கவாட்டில் இறங்குவார், வயசாச்சு இல்லையா. என் கவலையெல்லாம் மழைதான். பூட்ஸ் எப்படி வாங்குவது, பெட்டி எவ்வளவு எடை இருக்கலாம், மேப் போனில் இருந்தால் போதுமா?

பதில்: மழைக்குக் கோட்டு இருக்கிறது. உங்கள் அப்பாவின் முட்டிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

கைடு இல்லாத நடைப்பயணம் என்று எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான் இருக்கும். பூட்ஸுக்கு நாலு வரி, பெட்டிக்கு நாலு வரி, கூட வரும் பெரியவருக்கு ஒரே ஒரு வரி. உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரிதான் விஷயமே. படியில் நேராக இறங்கினால் பின்கால் முட்டி மடங்கிய நிலையில் உடம்பு முழுவதையும் தாங்க வேண்டும். முட்டிச் சில்லுக்குப் பின்னால் ஏறும் பாரம் உடல் எடையைப் போலப் பல மடங்கு. பக்கவாட்டில் இறங்கினால் மடக்கம் குறையும், கைப்பிடி கொஞ்சம் பாரத்தை வாங்கிக்கொள்ளும். வலிக்கிறவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடிக்கும் வழி இது. தினமும் உங்கள் கண்ணெதிரே அப்பா அதைச் செய்கிறார். நீங்கள் அதற்கு 'வயசு' என்று பெயர் வைத்துவிட்டு பூட்ஸ் பார்க்கப் போய்விட்டீர்கள்.

பார்க்கில் 5 கிலோமீட்டர் நடப்பது எதையும் காட்டாது. சமதரையில் அந்த முட்டிக்கு வேலையே இல்லை. இப்போது பாதையைப் பாருங்கள். வால்ஸெண்டில் தொடங்கும் முதல் இரண்டு நாளும் நாளுக்கு 15 மைல். ஹெட்டன் வரை பெரும்பாலும் டைன் ஆற்றங்கரை, அப்புறம் வயல்வெளி. நீளம்தான் கஷ்டம். மூன்றாம் நாள் சொல்லர்ஃபோர்டிலிருந்து ஸ்டீல் ரிக் வரை 12 மைல். அட்டவணையில் குறைந்த தூரம் உள்ள நாட்களில் ஒன்று என்பதால் எல்லோரும் அதை ஓய்வு நாள் போல நினைப்பார்கள். ஹவுஸ்டெட்ஸ் கோட்டையைத் தாண்டிய கடைசி 3 மைலில் சுவர் செங்குத்தான பாறை விளிம்பு மேல் ஓடுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி மறுபடி ஏற வேண்டும். முடிவில், கார் நிறுத்துமிடம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், பீல் க்ராக் பாறையிலிருந்து கற்படிகளில் இறங்க வேண்டும். மழை பெய்தால் வழுக்கும். நம் மாடிப்படி மாதிரி பிடித்துக்கொள்ள அங்கே கைப்பிடி கிடையாது. மூன்றாம் நாள் சாயங்காலம், 40 மைல் நடந்த காலோடு, அப்பா அங்கே எப்படி இறங்குவார்?

'நடை நேரம் கணக்குப் போட்டாச்சு' என்று சொல்வீர்கள். மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்ற நைஸ்மித் கணக்கு 1892-லிருந்து இருக்கிறது. அதில் இறக்கத்துக்கு ஒரு நிமிஷம்கூடச் சேர்க்கவில்லை. முட்டி வலிக்காரருக்கு நேரம் போவதே இறக்கத்தில்தான்.

அவர் சொல்லவே இல்லையே என்கிறீர்களா? வாழ்நாள் முழுக்கக் காலை நம்பிப் பிழைத்த போஸ்ட்மேன், மகன் பணம் கட்டியபிறகு, பேரன் முன்னால், 'என்னால் முடியாது' என்று சொல்வாரா? 'வலிக்குதாப்பா?' என்று கேட்டால் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்பார். கேட்காதீர்கள், பாருங்கள். ஒரு சனிக்கிழமை மால்வெர்ன் ஹில்ஸ் கூட்டிப் போங்கள். அங்குள்ள வூஸ்டர்ஷயர் பீக்கன் குன்று 425 மீட்டர், அது போதும். ஏறும்போது அவர் முன்னால் போகட்டும். இறங்கும்போது நீங்கள் பின்னால் வந்து காலை மட்டும் கவனியுங்கள்: எந்தக் காலை முதலில் வைக்கிறார், குச்சியில் எவ்வளவு சாய்கிறார், எத்தனை தடவை 'காட்சி பார்க்க' நிற்கிறார். ஞாயிறு மறுபடி 6 மைல் நடங்கள். திங்கள் காலை அவர் மாடிப்படி இறங்குவதுதான் ரிசல்ட். பக்கவாட்டோடு இப்போது நின்று நின்றும் இறங்கினால் பாறைப் பகுதி அவருக்கு இல்லை. முடிவு எதுவானாலும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். இது பயணத்துக்காக மட்டும் இல்லை.

இன்னொன்று. விசிட்டர் விசாவில் வந்தவர் என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பில் வரும். டிராவல் இன்சூரன்ஸில் ஏற்கெனவே உள்ள முட்டி வலியை எழுதவில்லையென்றால், அதே முட்டியோடு விழுந்ததற்கு க்ளெய்ம் கொடுக்கத் தகராறு செய்வார்கள். பலநாள் மலைநடை அந்தப் பாலிசிக்குள் வருகிறதா என்றும் படித்துப் பாருங்கள்.

இனி திட்டத்தை மாற்றுவோம். அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை; அது இன்னும் பெரிய தப்பு. கம்பெனிக்குப் போன் செய்து சுவரின் நடுப்பகுதியில், ஒன்ஸ் ப்ரூட் பக்கம், மூன்று ராத்திரி ஒரே இடத்தில் கேளுங்கள். தேதி மாற்றக் கட்டணம் பிடித்தால் பிடிக்கட்டும். 84 மைலையும் முடிக்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். பாதைக்குக் கூடவே பல மைலுக்கு பி6318 சாலை ஓடுகிறது. சீசனில் ஏடி122 என்ற பஸ் கோட்டைகளை இணைத்துப் போகிறது (ரோமப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122-ல் சுவரைத் தொடங்கினான், அதுதான் அந்த எண்). அட்டவணை வருடா வருடம் மாறும், கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும், இந்த வருட நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாறை நாளன்று மனைவியும் மகனும் நடக்கட்டும். அப்பாவோடு பஸ்ஸில் போக வேண்டியது நீங்கள். பையனைத் துணைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் சிகரத்தில் போட்டோ எடுக்கிற வேலை வேண்டாம். 'முழுப் பாதையும் நடந்தேன்' என்று உங்களால் சொல்ல முடியாமல் போகும், போகட்டும். அவரை விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். ஈர மண்ணுக்குள் 1,900 வருடம் கிடந்த, மெல்லிய மரச்சீவலில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்த இடம். பிறந்தநாள் விருந்துக்கு வரச்சொல்லி ஒருத்தி இன்னொருத்திக்கு எழுதியது இருக்கிறது. சாக்ஸும் உள்ளாடையும் அனுப்பியிருக்கிறேன் என்று யாரோ எழுதியதும் இருக்கிறது. தபால் பையைச் சுமந்த மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நீங்கள் கேட்டவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பூட்ஸ் அரை சைஸ் பெரிதாக, சாயங்காலம் கால் வீங்கிய நேரத்தில், நடக்கப் போகும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டினால் நகம் கறுத்துவிடும். அங்கே போய்ப் புதுசு போடாதீர்கள், இப்போதிருந்தே போட்டுப் பழகுங்கள். தோல் சூடாக உரசுவது தெரிந்த நிமிஷமே உட்கார்ந்து டேப் ஒட்டுங்கள்; கொப்புளம் வந்தபிறகு ஒட்டிப் பயனில்லை. குச்சி இரண்டு, ரப்பர் முனையோடு, ஏனென்றால் காலடியில் இருப்பது தொல்லியல் மண். சமதரையில் முழங்கை செங்கோணத்தில் இருக்கும் நீளம், இறக்கத்தில் அதைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் கூட்டுங்கள். புல்லில் வரிசையாக நடக்காமல் அகலமாக, பக்கத்தில் பக்கத்தில் நடக்கச் சொல்வார்கள், தடம் பள்ளமாகாமல் இருக்க. அப்பாவோடு பேசிக்கொண்டு நடக்க அதுவே சாக்கு. கன்றோடு மாடு நின்றால் நடுவில் புகாமல் சுற்றிப் போங்கள்.

பெட்டி எடை வரம்பைக் கம்பெனியிடமே கேளுங்கள். காலையில் அவர்கள் சொன்ன நேரத்துக்குக் கீழே வைத்துவிட வேண்டும். மாத்திரை, மழைக்கோட்டு, மதியச் சாப்பாடு பெட்டிக்குள் போகக் கூடாது, முதுகுப் பையில் இருக்கட்டும். மேப் போனில் மட்டும் போதாது. சிக்னல் இல்லாத இடம் உண்டு, மழையில் தொடுதிரை கேட்காது. ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்43 என்ற காகித மேப்பை வாங்கி மகன் கையில் கொடுங்கள், நடுப்பகுதி அதில் இருக்கிறது. ஆபத்தென்றால் 999, போலீஸ் கேட்டு, பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ. விசில் என்றால் நிமிஷத்துக்கு ஆறு ஊதல்.

கடைசி நாள் கார்லைலிலிருந்து போனெஸ் வரை 15 மைல், பெரும்பாலும் சமதரை. முன்பகுதியை மற்றவர்கள் நடந்து வரட்டும். அப்பா டாக்ஸியில் வந்து ட்ரம்பரோவில் சேர்ந்துகொள்ளட்டும். அங்கிருந்து முடிவு வரை சுமார் 4 மைல், முட்டிக்கு வேலை இல்லை. ட்ரம்பரோவுக்கு முன் டைக்ஸ்ஃபீல்ட் பக்கம் கடல் ஏற்றம் (டைட்) பெரிதாக வந்தால் சாலையே முங்கிவிடும், டாக்ஸியும் வர முடியாது. அதனால் டைட் அட்டவணையை முந்தின ராத்திரியே பார்த்து டாக்ஸிக்கு நேரம் சொல்லுங்கள். அந்த 4 மைலுக்கு அவர் முன்னால் நடக்கட்டும், அவர் வேகம்தான் உங்கள் எல்லோருக்கும் வேகம்.